பீன்ஸ் அக்காவை நறுக்கலாகாது

இளஞ்சிறார் காய்கறி விருப்ப வளர்ப்பு இயக்ககத்தைக் குறை சொல்வது இக்கதையின் நோக்கமன்று. அது நல்லெண்ணத்தோடு தொடங்கப்பெற்ற நிறுவனம். சிறு குழந்தைகள் காய்கறிகளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று கேள்வியுற்று உள்ளபடியே வருந்திய பெரியவர்கள் அதை நிறுவினார்கள். அவர்கள் அமர்ந்து வருந்துவதற்கு ஒரு கட்டடத்தின் நான்காம் தளம் ஒதுக்கப்பட்டது. வருத்தம் பெருகப் பெருக இடம் போதாமல், விழா மண்டபத்தோடு கூடிய ஐந்தாம் தளமும் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

அந்தக் கட்டடத்தின் லிப்டைப் பராமரித்து வந்த மெக்கானிக்குக்கு இயக்ககத்தின் மீது பெருமதிப்பு இருந்தது. லிப்டின் கதவுப் பூட்டு தேய்ந்துவிட்டது, புதிது வேண்டும் என்று அவர் ஒருமுறை பணிவோடு எழுதிக் கேட்டிருந்தார். "இதனால் சிறாரின் காய்கறி விருப்பம் எவ்வகையில் வளரும்?" என்ற வினாவோடு அவருடைய மனு திரும்பி வந்தது. அவர் அதைப் பல நாள் யோசித்தார். விடை தெரியவில்லை. ஆகவே தேய்ந்த பூட்டுக்கே எண்ணெய் போட்டு, அதனிடம் சற்று நயமாகப் பேசி, ஓட்டிக்கொண்டிருந்தார்.

அவருக்கு நாலரை வயதில் ஒரு மகள். பிறந்தபோது சுண்டுவிரல் அளவே இருந்தாள் என்று தாய் மிகைப்படுத்திச் சொன்னதிலிருந்து அவள் பெயர் சுண்டு. தாய்க்கு மருந்துக் கடையில் வேலை. கடை சாத்திய பிறகே வீடு திரும்புவார். மாலைச் சமையல் அதனால் மெக்கானிக்கின் பொறுப்பு. அவர் பீன்ஸின் காம்பைக் கிள்ளி நாரை உரிக்கையில் சுண்டு சமையல் மேடை மீது ஏறி உட்கார்ந்து, கீழே அலமாரிக் கதவில் குதிகாலால் தாளம் போடுவாள். தாளத்துக்கு நடுவே கை நீளும். ஒரு பீன்ஸ் மறையும்.

"ஏய், எல்லாத்தையும் நீயே தின்னுட்டா அம்மாவுக்கு என்னத்தச் சமைக்கிறது?"

"அம்மாவுக்கு முட்டை போடுங்க" என்பாள் சுண்டு. கை மறுபடி நீளும்.

யாரும் அவளை ஊக்குவித்ததில்லை. ஊக்குவிக்க வேண்டும் என்று மெக்கானிக்குக்குத் தெரியாது. நாள் முழுவதும் இருண்ட லிப்ட் குழிகளில் கிரீசோடு நின்றுவிட்டு வரும் அவருக்கு அந்தப் பச்சைக் கறுக் மொறுக் சத்தம்தான் வீடு வந்து சேர்ந்துவிட்டோம் என்பதற்கு அடையாளம்.

இந்த நிலையில்தான் இயக்ககத்தின் திட்டம் சுண்டுவின் மழலையர் பள்ளிக்கு வந்து சேர்ந்தது.

தொடக்க விழாவுக்கு இயக்குநர் அவர்களே எழுந்தருளினார். ஒல்லியான, வெளிறிய மனிதர். மீசை மட்டும் நல்ல வளத்தோடு இருந்தது. அவர் ஆற்றிய உரையைப் பெற்றோர்கள் குட்டி நாற்காலிகளில் முழங்கால் முகவாயில் இடிக்க அமர்ந்து கேட்டார்கள்.

"பெற்றோர்களே! நான் என் பணிக்காலம் முழுவதும் காய்கறியைப் பற்றியே சிந்தித்திருக்கிறேன். சாப்பிடவும் நேரமின்றிச் சிந்தித்திருக்கிறேன். ஒருநாள் உண்மை புலப்பட்டது. முகம் தெரியாத ஆளிடம் குழந்தை போகுமா? போகாது. 'இவர் உன் மாமா' என்று சொல்லுங்கள், தாவிக்கொண்டு போகும். காய்கறி குழந்தைக்கு முகம் தெரியாத ஆள். குற்றம் காயிடமும் இல்லை, குழந்தையிடமும் இல்லை. அறிமுகம் செய்து வைக்காத நம்மிடம் இருக்கிறது!"

கைதட்டல் எழுந்தது. மெக்கானிக்கும் தட்டினார். எங்கோ ஒரு பல்சக்கரம் சரியாகப் பொருந்தவில்லை என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் பெரியவர்கள் கூடிச் செய்த இயந்திரம். தமக்கு விளங்காத சக்கரம் உள்ளே எங்காவது இருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு மாலையில் அவர் வழக்கம்போலப் பீன்ஸை எடுத்துக் கத்தியை வைத்தபோது மேடை மீதிருந்து ஓர் அலறல் கிளம்பியது.

"அப்பா! அக்காவை வெட்டாதீங்க!"

மெக்கானிக் கத்தியைப் போட்டுவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். வீட்டில் அக்கா என்று எவரும் இல்லை. சுண்டு அவருக்கு ஒரே பெண்.

"எந்த அக்கா?"

"பீன்ஸ் அக்கா! டீச்சர் சொன்னாங்க. பீன்ஸ் நமக்கு அக்கா, கேரட் மாமா, பூசணிக்காய் அத்தை, கத்தரிக்காய் பெரியப்பா. நான் எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, முத்தம் குடுத்து, சௌக்கியமான்னு கேட்டேன்."

"சரிம்மா. கேட்டுட்டு, அப்புறம் சாப்பிடணும்ல?"

சுண்டு அவரை ஏறிட்டுப் பார்த்த பார்வையை, பிற்காலத்தில் எவ்வளவோ முயன்றும் அவரால் மறக்க இயலவில்லை.

"அக்காவையா?" என்றாள் அவள்.

அன்று அவள் வெறும் சோற்றை உண்டாள். மறுநாள் வெறும் ரொட்டி. அதற்கு மறுநாள் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, கேரட் மாமா கீழே உட்கார்ந்திருக்கிறார், இது மரியாதையா என்று கேட்டாள். பெரியவர்கள் மேல்தட்டுக்கு மாற்றப்பட்டார்கள். கத்தரிக்காய்ப் பெரியப்பாவுக்குக் குளிரும் என்று கைக்குட்டை போர்த்தப்பட்டது. பாலும் வெண்ணெயும் இடமின்றி வெளியே வந்து, முறைப்படி கெட்டுப்போயின.

மருந்துக் கடையிலிருந்து களைத்து வந்த தாய் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். மறுபடியும் திறந்து பார்த்தார்.

"என்னங்க இது? நம்ம சொந்தக்காரங்க ஒருத்தரும் எட்டிப் பாக்குறதில்ல. இதுங்க குடும்பத்தோட வந்து தங்கியிருக்கு! பெரியப்பாவுக்கு ஒரு பக்கம் அழுகுதுங்க. அதையாவது எடுத்துப் போடுங்க."

"மெதுவாப் பேசு. குழந்தை காதுல விழும்."

"விழட்டுமே! உங்க பெரியப்பாவா அவரு?"

சமைக்காமலும் முடியாது. மெக்கானிக் பீன்ஸைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு மொட்டைமாடிப் படிக்கட்டில் போய் உட்கார்ந்து, திருடனைப் போல நறுக்கத் தலைப்பட்டார். மாடி வீட்டுக்காரர் அவ்வழியே வந்தால் கத்தியைப் பின்னால் ஒளித்துக்கொண்டு காற்று வாங்குவதாகச் சொன்னார். ஆனால் சுண்டு நாள்தோறும் பெட்டியைத் திறந்து உறவினர்களை விசாரித்தாள்.

"அக்கா எங்கப்பா?"

"அக்கா... ஊருக்குப் போயிருக்காங்கம்மா."

"சொல்லாமலா போனாங்க?"

"அவசர வேலை."

"எனக்கு முத்தம் குடுக்காம போக மாட்டாங்களே" என்று சொல்லி, சுண்டு திறந்த பெட்டியின் குளிரில் வெகுநேரம் நின்றாள். அவள் தட்டில் வைத்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். ஒரு மாதத்தில் அவளுடைய சட்டை தோளிலிருந்து நழுவத் தொடங்கியது. தாய் அதை ஊசி குத்திப் பிடித்தார். பிறகு இன்னோர் ஊசி.

பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திவிடலாம் என்று தாய் சொன்னார். ஆனால் பெரிய பள்ளியில் சேர்ப்பதற்கு இயக்ககத்தின் பாசச் சான்றிதழ் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. ஆகவே மெக்கானிக் ஒருநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லி, டீச்சரைப் பார்க்கச் சென்றார்.

டீச்சர் அவரைக் கண்டதும் முகம் மலர்ந்து எழுந்தார்.

"வாங்க சார், வாங்க! நானே சொல்லி அனுப்பணும்னு இருந்தேன். உங்க பொண்ணுதான் வகுப்புலயே முதல்! நேத்து முட்டைக்கோஸ் சித்தி இலை உதிர்ந்ததுக்கு எவ்வளவு அழுகைங்கிறீங்க! மத்த பிள்ளைங்கல்லாம் சும்மா மூக்கை உறிஞ்சுதுங்க. இவ தரையில விழுந்து அழுதா. நூத்துக்கு நூறு போட்டேன்."

"சந்தோஷம் டீச்சர். ஆனா வீட்ல காய் சாப்பிட மாட்டேங்குறா. முன்னாடியெல்லாம் பச்சையாவே திம்பா."

டீச்சரின் மலர்ச்சி சற்றுக் குறைந்தது. அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"முன்னாடி தின்னதை வெளியில சொல்லாதீங்க சார். அறிமுகம் இல்லாமலே தின்னிருக்கா. நல்ல குடும்பத்துப் பிள்ளை, வீணாப் பேர் கெட்டுடும்."

"இப்ப நான் என்ன டீச்சர் செய்யறது?"

"இயக்ககத்துல போய்க் கேளுங்க. எங்களுக்குப் பாசம் வரைக்கும்தான் பயிற்சி குடுத்தாங்க."

நான்காம் தளத்தில், உறவுமுறைகளுக்கான துணை இயக்குநர் என்ற பலகை மாட்டிய அறைக்கு மெக்கானிக் சென்றபோது, அந்த அதிகாரி தொலைபேசியில் இருந்தார். சுவர் முழுவதும் ஒரு மாபெரும் குடும்ப மரம் வரையப்பட்டு, காய்களின் படங்கள் வண்ண நூல்களால் இணைக்கப்பட்டிருந்தன.

"இல்லீங்கம்மா... வெண்டைக்காய் உங்க தாய்வழிச் சங்கத்துக்கு வராது. தாய்வழிலயே நிறைய கொடி வகை குடுத்தாச்சு. அப்புறம் தந்தைவழிச் சங்கத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?" அவர் தொலைபேசியை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "உக்காருங்க. லிப்டு ரிப்பேரா?"

"இல்லீங்க சார். நான் அப்பாவா வந்திருக்கேன்."

அப்பாவாக வந்தவருக்கு நாற்காலி தரப்பட்டது. சிக்கலைச் சொல்வதற்குள் அவர் அதிகாரியின் சிக்கலைக் கேட்க வேண்டியதாயிற்று. பாகற்காய்க்கு மாமியார் என்று முறை வைத்ததில் அலுவலகத்தில் உள்ள மாமியார்கள் அனைவரும் ஒருநாள் பணியைப் புறக்கணித்தார்களாம். மருமகள்கள் அன்று இரட்டிப்பு வேலை செய்து திட்டத்துக்கு ஆதரவு தெரிவித்தார்களாம். இறுதியில் பாகற்காய் தூரத்துச் சொந்தம் என்று சமாதானம் ஏற்பட்டது. உருளைக்கிழங்கு காய்தானா என்பதில் ஐயம் இருந்ததால் குடும்ப நண்பர் என்ற அளவில் நிறுத்தி வைக்கப்பட்டது. வெங்காயத்தைத் துக்கத்துக்கு மட்டும் வந்துபோகும் உறவாக வைத்திருந்தார்கள்.

"இப்ப பெரிய பிரச்சினை பீட்ரூட்டுங்க" என்றார் அதிகாரி. "மருமகன்னு போட்டுட்டோம். பூசணி அத்தையும் அதுவும் ஒரே பாத்திரத்துல வேகலாமான்னு கேட்டு ஒரு பள்ளிக்கூடம் எழுதியிருக்கு. மாமியாரும் மருமகனும் ஒண்ணா குளிக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

"கூடாதுங்க சார்" என்றார் மெக்கானிக் பணிவோடு. "சார், என் பொண்ணு காய் சாப்பிட மாட்டேங்குறா."

"பாசம் இருக்கா?"

"பாசம் நிறைய இருக்குங்க. அதனாலதான் சாப்பிட மாட்டேங்குறா."

"பாசம் இருக்குல்ல? அப்போ திட்டம் ஜெயிச்சிருக்கு."

"சாப்பிடணுமே சார்."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்து, கருணையோடு புன்னகை செய்தார். "ஐயா, உங்களுக்குத் தம்பி இருக்காரா?"

"இருக்காருங்க."

"பாசமா இருப்பீங்களா?"

"இருப்பேங்க."

"கடிச்சிருக்கீங்களா?"

மெக்கானிக் சற்று யோசித்து, சிறு வயதில் ஒருமுறை என்று உண்மையைச் சொன்னார். அதிகாரி அதைப் பொருட்படுத்தவில்லை.

"பாருங்க, எங்க பேர்லயே இருக்கு, விருப்ப வளர்ப்பு. வளர்த்தாச்சு. சாப்பிடறது ரெண்டாம் கட்டம். அதுக்கு உட்கொள்ளல் பிரிவுன்னு பேரு. அதிகாரி போட்டதும் முதல் ஆளா உங்களைத்தான் கூப்பிடுவேன்."

"எப்ப சார் போடுவாங்க?"

"முதல் கட்டம் முடியணும்ல? பாசத்துக்கு ஏதுங்க முடிவு?"

அவ்வாறு சொல்லிவிட்டு அதிகாரி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். முகத்தில் பெருமிதம் பொங்கிற்று. "நல்ல சேதி ஒண்ணு சொல்றேன். ஆண்டு விழாவுக்கு மாதிரிக் குழந்தையா உங்க பொண்ணைத்தான் எடுத்திருக்கோம். இயக்குநர் கையைப் பிடிச்சுக்கிட்டு, உறவினர் கூடையோட, லிப்டுல மேல வந்து இறங்குவாங்க. மேடையில அவரே அறிவிப்பாரு. அதுக்கப்புறம் பெரிய பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் அவதான் மாதிரி. ஊர் ஊராப் போய் காய்களைக் கட்டிப்பிடிச்சுக் காட்டணும்."

மெக்கானிக் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "அப்போ... அதுவரைக்கும் அவ சாப்பிடவே கூடாதா சார்?"

"மாதிரிக் குழந்தை சொந்தக்காரங்களைக் கடிக்கிறதை யாராவது பாத்தா என்னய்யா ஆகும்? நம்ம மானம் கப்பலேறிடும்."

அன்று மெக்கானிக் படியிறங்கியே வீட்டுக்குச் சென்றார். லிப்டின் முகத்தில் விழிக்க அவருக்கு மனமில்லை.

விழா நாளில் தாய் சுண்டுவின் புதுச் சட்டையை ஊசிகளால் இறுக்கிப் பிடித்து அனுப்பினார். "மேடையில கீடையில மயங்கி விழுந்தா, அந்த இயக்குநரை நான் பார்த்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார். ஐந்தாம் தள மண்டபத்தில் பெற்றோரும் அதிகாரிகளும் புகைப்படக்காரர்களும் லிப்டின் கதவை நோக்கி அமர்ந்திருந்தார்கள். கதவு திறந்ததும் கைதட்டுவதற்கு ஒத்திகையும் நடந்திருந்தது. மெக்கானிக் சலவைச் சட்டை அணிந்து, பழக்கத்தால் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, கதவருகில் நின்றார்.

கீழே இயக்குநரும் சுண்டுவும் கூடையோடு ஏறினார்கள். லிப்ட் கிளம்பியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று விளக்குகள் எரிந்தன. நான்கு எரிந்தது. தேய்ந்த பூட்டு, இனி நயமான பேச்சுக்கு மசிவதில்லை என்று அந்த இடத்தில் முடிவு செய்தது. லிப்ட் இரு தளங்களுக்கு நடுவே நின்றுவிட்டது.

கூட்டம், கதவு திறக்காதபோதிலும், ஒத்திகையை மதித்துக் கைதட்டியது.

மெக்கானிக் தம் சாவியால் வெளிக்கதவைச் சற்றே விலக்கினார். கூண்டின் தலை மட்டும் தெரிந்தது. உள்ளே விளக்கும் மின்விசிறியும் ஓடிக்கொண்டிருந்தன.

"சுண்டு! அப்பா இங்கதான் இருக்கேன். பயமா இருக்கா?"

"இல்லப்பா. மாமால்லாம் இருக்காங்க. இவருக்குத்தான் வேர்க்குது."

"சார், பயப்படாதீங்க. கதவைத் தொடாம அப்படியே உக்காருங்க. மேல போய் கையால சுத்தித் தூக்கிடறேன்."

"சீக்கிரம்யா!" என்றது இயக்குநரின் குரல். மேடையில் கேட்ட குரலாக அது இல்லை.

மெக்கானிக் மொட்டைமாடியில் இருந்த இயந்திர அறைக்கு ஓடினார். மோட்டாருக்கு வரும் மின்னோட்டத்தை மட்டும் துண்டித்தார். ஒரு கையால் பிரேக்கைத் தளர்த்தி, மறு கையால் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். பலமுறை செய்த வேலை. சுண்டு உள்ளே இருக்கையில் மட்டும் செய்ததில்லை. கம்பி வடம் இறங்கும் துளை அவர் காலடியில் இருந்தது. அதன் வழியே, பக்கத்து அறையில் பேசுவதுபோல் எல்லாம் கேட்டது.

முதலில் ஒரு நீண்ட உறுமல் கேட்டது. அவர் திடுக்கிட்டு வடத்தைப் பார்த்தார். வடம் சரியாகத்தான் இருந்தது.

"உங்க வயிறு பேசுது" என்றாள் சுண்டு.

"அதும்மா... பசிக்குது."

"உங்களுக்கு யாரும் சோறு போடலையா?"

"பேச்சு எழுதிட்டு இருந்தேன்மா. காலையிலயும் எழுதினேன். நேத்தும் எழுதினேன்."

"பாவம்." கூடையைத் துழாவும் ஒலி கேட்டது. பிறகு சுண்டு ஓர் உறவினரை வற்புறுத்தும் குரலில் சொன்னாள்: "கேரட் மாமாகிட்ட சொல்லிப் பாருங்க."

"என்னத்தச் சொல்றது?"

"பசிக்குது மாமான்னு. மாமா ரொம்ப நல்லவங்க. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

சக்கரத்தின் மீது வைத்த கையை மெக்கானிக் அசைக்கவில்லை.

"பசிக்குது மாமா" என்று, இளஞ்சிறார் காய்கறி விருப்ப வளர்ப்பு இயக்ககத்தின் இயக்குநர், தணிந்த குரலில், கேரட்டிடம் முறையிட்டார்.

அதன்பின் கறுக்கென்று ஓர் ஒலி.

இப்போது அழப்போகிறாள் என்று மெக்கானிக் கண்களை மூடிக்கொண்டார். அழுகை வரவில்லை. மெல்லும் ஓசை வந்தது. வெகுநாள் பட்டினி கிடந்தவர் மெல்லும் ஓசை.

"மாமா அழுதாங்களா?" என்று சுண்டு கேட்டாள்.

"இல்லம்மா. அழல."

"எப்படி இருக்காங்க?"

இயக்குநர் விழுங்கினார். தம் துறையில் இதுவரை எவரும் கேட்டிராத வினாவாக அது அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இன்னொரு கடி கடித்த பிறகே விடை வந்தது. "இனிப்பா இருக்காங்கம்மா. உண்மையிலேயே இனிப்பா இருக்காங்க!"

மறுபடியும் கறுக். மறுபடியும் கறுக்.

"பெரிய பெரிய கடியா கடிக்கிறீங்க" என்றாள் சுண்டு. குரலில் ஒரு கடுமை ஏறியிருந்தது. "மாமா எனக்கும்தான் மாமா."

"அதுக்கென்னம்மா, இந்தா."

"இவ்வளவுதான் வச்சிருக்கீங்களா? வாலை மட்டும் குடுக்கறீங்க!"

பிறகு வந்தது அந்தச் சிறிய, கூர்மையான கறுக். ஒரு மாதத்துக்கும் மேலாகக் கேளாத ஒலி. மெக்கானிக் வடத் துளையின் அருகே மண்டியிட்டார். ஒலி இன்னொரு முறை வந்தது. பல்லும் தாடையும் கெடாமல் வேலை செய்கின்றனவா என்று சோதிப்பவர்போல அவர் செவிசாய்த்துக் கேட்டார். எல்லாம் சரியாக ஓடிற்று.

"அக்காவை எடுக்கட்டுமா?" என்று கேட்டார் இயக்குநர்.

"இருங்க, அக்காகிட்ட நான்தான் கேப்பேன். எங்க அக்கா. அக்கா, பசிக்குதுக்கா!"

மாடிப்படியிலிருந்து துணை இயக்குநரின் கூச்சல் எழுந்தது. "என்னய்யா ஆச்சு? இன்னும் எவ்வளவு நேரம்? மைக்கெல்லாம் போட்டாச்சுய்யா!"

லிப்டைப் பற்றி அந்த மெக்கானிக் தம் வாழ்நாளில் பொய் சொன்னதில்லை. அவர் பிரேக்கிலிருந்தும் சக்கரத்திலிருந்தும் கையை எடுத்தார். சலவைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்று கத்தினார். "அவசரப்பட்டா ரொம்ப ஆபத்து!"

அதன்பின் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, உள்ளே நடந்த பூசலைச் செவிமடுத்தார். வெள்ளரிக்காய் யாருக்கு அதிகம் போயிற்று என்பதில் இயக்குநருக்கும் சுண்டுவுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. தக்காளி யார் மடியில் சிந்தியது என்பதிலும் இருந்தது. பாகற்காய் மட்டும் இருவராலும் மறுக்கப்பட்டது. "அவங்க தூரத்துச் சொந்தம்தானே" என்று இயக்குநரே சொன்னார்.

பூசல் ஓய்ந்த பிறகே மெக்கானிக் சக்கரத்தைச் சுற்றினார். கதவு திறந்தபோது கூட்டம் மீண்டும் கைதட்டியது. பிறகு கூடையைப் பார்த்து நிறுத்திக்கொண்டது. அதில் சில காம்புகளும், ஒரு முழுப் பாகற்காயும் இருந்தன. இயக்குநரின் மீசையில் கேரட் துணுக்கு ஒட்டியிருந்தது. சுண்டுவின் சட்டையில் தக்காளி விதைகள். உரை நிகழ்ந்தது. ஆனால் மாதிரிக் குழந்தை குறித்த பகுதி வந்தபோது இயக்குநருக்கு ஏப்பம் வந்ததால், அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

இயக்ககம் இதை எளிதில் விடவில்லை. உறவினர்கள் உட்கொள்ளப்பட்டது எப்படி என்று ஆராயத் துணை இயக்குநர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. இயக்குநர் பசித்திருந்தார் என்பதைக் குழு அறிந்தது. ஆனால் பசி ஒரு தனிநபர் சார்ந்த விஷயம், அதைக் கொள்கையாக்க இயலாது என்று கருதியது. ஒருவருக்கு இன்னொருவர் பங்கு கொடுத்ததையும் அறிந்தது. அது ஒழுங்கீனம் என்று விலக்கியது. எஞ்சியது லிப்ட். நான்கு சுவருக்குள், தரைக்கும் வானுக்கும் நடுவே, அசைவற்று நிற்கும்போது குழந்தை காய்கறி உண்கிறது என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. ஆகவே இரண்டாம் கட்டமாக எல்லா மழலையர் பள்ளிகளிலும் லிப்ட் அமைக்க ஆணை பிறந்தது.

மெக்கானிக் அழைக்கப்பட்டார்.

"சார், பள்ளிக்கூடத்துக்கு மாடியே இல்லீங்களே" என்றார் அவர்.

"மாடி எதுக்குய்யா?" என்றார் துணை இயக்குநர். "நின்னா போதும். மேல போனா திட்டமே கெட்டுப்போயிடும்."

"நிக்கிற லிப்டு... பூட்டு புதுசாப் போடட்டுங்களா, பழசு போடட்டுங்களா?"

"தேய்ஞ்சதாப் பாத்துப் போடுங்க. இருக்குமா கைவசம்?"

இருந்தது. இந்த முறை மனு திரும்பி வரவில்லை.

குழு அமைவதற்கு முன்பே, விழாவுக்கு மறுநாள் மாலை, அவர் பீன்ஸை மாடிப்படிக்குக் கொண்டு போகவில்லை. சமையல் மேடையிலேயே, மகளின் கண்முன், தயங்கித் தயங்கிக் காம்பைக் கிள்ளினார். மேடை மீது அமர்ந்திருந்த சுண்டு, குதிகால் தாளத்தை நிறுத்திவிட்டு அவர் கையைப் பார்த்தாள். அவரும் நிறுத்தினார்.

சுண்டு குனிந்து, ஒரு பீன்ஸை எடுத்து, அதன் காதருகே வாயை வைத்தாள்.

"அக்கா, பசிக்குதுக்கா."

விடைக்காகச் சற்றுக் காத்திருந்தாள். பிறகு கறுக்கென்று கடித்தாள். அலமாரிக் கதவில் தாளம் மறுபடியும் தொடங்கிற்று.

மெக்கானிக் கையை நீட்டினார். "அப்பாவுக்கும் பசிக்குது சுண்டு" என்றார்.

அவள் மீதமிருந்த பாதியை அவரிடம் நீட்டினாள். அவர் வாயருகே கொண்டு போகும் வரை, இரு கண்ணும் கொட்டாமல் கண்காணித்தாள்.

"பெரிய கடியா கடிக்காதீங்க" என்றாள்.